ரீசார்ஜ் போர் தண்ணீர் குடிக்காவிட்டால்: அறிகுறி பார்த்துப் பாறையின் நிலை அறியும் வழி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம், வற்றிய போரில் மழைத் தண்ணீரை இறக்கிச் சேமிக்கும் வேலை பரவி வருகிறது. பரவ வேண்டிய வேலைதான். இந்த ஊர்கள் இருக்கும் சித்தூரை, அளவுக்கு மீறி இறைக்கப்பட்ட வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே 2017 கணக்கெடுப்பில் குறித்தது. ஆனால் தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு வரும் புகார்கள் பலவிதம்: குடிக்கவே மாட்டேன் என்கிறது, முதல் மழைக்குக் குடித்து அப்புறம் நின்றுவிட்டது, பக்கத்துத் தோட்டத்துக் கேணி கலங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஊரில் கிடைக்கும் மருந்து ஒன்றே: கம்ப்ரசர் வை, அதாவது காற்றடித்துச் சுத்தம் செய். சில போருக்கு அது சரி. சில போருக்குக் காசுதான் வீண். இன்னும் சிலவற்றில் அதனாலேயே போர் கெட்டுப்போகும்.

கீழே இருப்பது நைஸ், சார்னோகைட் என்ற கெட்டிப் பாறைகள். வாளையார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பட்டை ஒன்று ஓடுகிறது. முழுக்கல்லுக்குள் தண்ணீருக்கு இடம் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. தண்ணீர் நிற்பது மேலே உள்ள சிதைந்த பாறையிலும், ரிக்காரர்கள் 'கேப்' என்று சொல்லும் வெடிப்புகளிலும்தான். அந்த வெடிப்பு பெரும்பாலும் மயிரிழை முதல் நகக்கனம் வரை. அந்த அகலமும் மாறிக்கொண்டே இருக்கும். மேலே அமர்ந்திருக்கும் பாறையின் கனம் அதை மூடப் பார்க்கிறது, உள்ளே நிற்கும் தண்ணீர் அதைத் திறந்து பிடிக்கிறது. தண்ணீர் விட்டால் பாறை ஒரு துளி விலகும், இறைத்தால் ஒரு துளி நெருங்கும். இது தெரியாமல் போரை ஒரு குடம் போல நினைத்து ஊற்றுவதால்தான் பாதிக் கோளாறு.

முதலில் கையில் இருக்க வேண்டிய அளவுகள்

ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இந்தக் கணக்கு மனசில் நிற்கட்டும். 500 லிட்டர் ஊற்றினால், பாறை ஒரு சொட்டும் குடிக்காவிட்டால், மட்டம் 77 அடி ஏற வேண்டும்.

34 அடித் தண்ணீரின் கனம் ஏறக்குறைய 1 பார். அதே 1 பாருக்குப் பாறை என்றால் பன்னிரண்டரை அடி போதும். பாறை தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம்.

மட்டம் அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். நீளாத கயிற்றில் 10 அடிக்கு ஒரு முடிச்சு போடுங்கள். நுனியில் ஒரு சாண் இரும்புக் குழாய்த் துண்டு, மேல்முனை அடைத்து, வாய் கீழே பார்க்கும்படி. தண்ணீரில் பட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். நாலு அங்குலம் தூக்கி மறுபடி இறக்கினால் அதே இடத்தில் அதே சத்தம். மோட்டார் உள்ளே இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, காலம் பைப்போடு சேர்த்துக் கட்டிய முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் வழியாகத்தான் கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு கேபிளில் சுற்றிக்கொள்ளும். அந்தக் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு எடையும் அரை இஞ்சாக இருக்கட்டும்.

இனி குடிதிறன் சோதனை. 500 லிட்டர் டேங்கில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, 2 இஞ்ச் ஓஸில் மூன்று நாலு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். இறக்கும் முன் மட்டம், இறக்கியதும் மட்டம், பிறகு 1, 2, 5, 10, 20, 40, 60 நிமிடத்தில் மட்டம். ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 300 அடியில் இருந்த மட்டம் 230க்கு ஏறி, 10 நிமிடத்தில் 270க்கு இறங்கினால், 40 அடி, அதாவது 260 லிட்டர், நிமிடத்துக்கு 26 லிட்டர் குடிக்கிறது. 1,000 சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட, 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) கொட்டினால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் வரும். மீதியை நிறுத்தி வைக்கத் தொட்டி வேண்டும். போரின் மேல் பழி போட வேண்டியதில்லை.

அந்த நோட்டில் இன்னொன்றையும் பாருங்கள். மட்டம் இறங்க இறங்க வேகம் குறைவது இயல்பு, தள்ளும் கனம் குறைகிறது அல்லவா. எழும்பிய உயரம் பாதியாகும்போது வேகமும் பாதியானால் போர் நலம். உயரம் பாதிதான் குறைந்தது, வேகமோ பத்தில் ஒன்றாகிவிட்டது என்றால் இரண்டு வாய்ப்பு: மேலே ஒரு வெடிப்பு நன்றாகக் குடிக்கிறது, மட்டம் அதற்குக் கீழே போனதும் நின்றுவிடுகிறது. அல்லது கேசிங் (போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கிய குழாய்) அடியில் கசிவு. ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் வேகம் விழுந்தால், போர் போட்ட அன்று எழுதிய குறிப்பில் அந்த ஆழத்தில் கேப் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அது வெடிப்பு. கேசிங் முடியும் ஆழம் என்றால் அது கசிவு.

அறிகுறி: ஊற்றியது அப்படியே நிற்கிறது, ஒரு நாள் ஆனாலும் பத்தடிகூட இறங்கவில்லை

போர் போடும்போது வெறும் புழுதி பறந்த குழியா என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் தராத குழிக்குத் தண்ணீர் குடிக்கவும் வழி கிடையாது. வெடிப்பு எதையும் அது தொடவில்லை. அதில் வடிகட்டி கட்டி, சிமென்ட் செலவழித்துப் பயனில்லை. மூடியைத் திறந்து போடாமல், குழந்தை விழாதபடி அடிமுதல் மேல்வரை ஜல்லியும் மண்ணும் நிரப்பி மூடிவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. தண்ணீரைச் சிதைந்த பாறையில் விடும் ரீசார்ஜ் குழிக்குத் திருப்புங்கள்.

முன்பு நன்றாக இறைத்த போர் இப்படி நின்றால், அடைப்பா மூடலா என்பதைக் கீழே வரும் இரண்டு பகுதிகளை வைத்துப் பிரித்தறியலாம்.

அறிகுறி: முதல் இரண்டு மழைக்குக் குடித்தது, இப்போது திணறுகிறது

சந்தேகப்பட வேண்டியது மூன்று: வண்டல், காற்று, பாசி. மூன்றையும் ஒரு கண்ணாடி டம்ளரிலேயே பிரித்துவிடலாம். மோட்டாரை ஓட்டி, முதல் ஐந்து நிமிடத் தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே வையுங்கள். பால் போல வெளுத்திருந்து, அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டே வந்து ஓரிரு நிமிடத்தில் பளிங்காகிவிட்டால் அது காற்று. மேலிருந்து தெளிந்து அடியில் பழுப்பாகப் படிந்தால் வண்டல். இழை இழையாகத் துருநிறச் சளி மிதந்து, மூக்குக்கு அழுகல் வாடை வந்தால் பாசியும் நுண்ணுயிரும்.

வண்டல்தான் இந்தப் பக்கத்தில் முதல் எதிரி. ஒரு லிட்டரில் 1 கிராம் மண் என்றால் கண்ணுக்குச் சாதாரணக் கலங்கல். ஆனால் அப்படி 10,000 லிட்டர் விட்டால் 10 கிலோ மண் மயிரிழை வெடிப்புகளுக்குள் போகிறது. அது வாயிலேயே அப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், தண்ணீரின் அழுத்தத்தில் வெடிப்பு சற்று விரிந்திருக்கும்போது உள்ளே போன மண், மட்டம் இறங்கி வெடிப்பு நெருங்கியதும் நடுவில் நசுங்கிக் களிப்பட்டை ஆகிவிடும். பிறகு கம்ப்ரசர் அடித்தாலும் வாய்தான் சுத்தமாகும், உள்ளே அடைத்தது அடைத்ததுதான். அதனால் வண்டலுக்கு மருந்து வடிகட்டியே, பிறகு செய்யும் சுத்தம் இரண்டாம் பட்சம்.

அளவுகோல்: ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் செய்தித்தாளை வையுங்கள். செய்தி எழுத்தைத் தடையில்லாமல் படிக்க முடியாவிட்டால் போருக்குள் விடாதீர்கள்.

வடிகட்டித் தொட்டி 5 அடிக்கு 5 அடி, ஆழம் 6 அடி. அடியில் ஒன்றரை ஜல்லி ஓரடி, அதன்மேல் முக்கால் ஜல்லி ஓரடி, அதன்மேல் கால் இஞ்ச் சிப்ஸ் ஓரடி, மேலே கழுவிய மணல் ஓரடி. சிப்ஸுக்கும் மணலுக்கும் நடுவே நைலான் வலை இரண்டு மடிப்பு. மேலே மீதி இரண்டடி தண்ணீர் நிற்க. போருக்குப் போகும் குழாய் அடி ஜல்லியிலிருந்து கிளம்ப வேண்டும், தொட்டியின் தரையிலிருந்து அரையடி உயரத்தில். எம்-சாண்ட் போடுவதென்றால் தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசாமல் போடாதீர்கள். அதன் பொடியே வண்டல்தான். தேங்காய் நார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வடிகட்டியில் திணிப்பவர்கள் உண்டு. நனைந்து காய்ந்து அழுகும்போது அதன் சாறு போருக்குள் இறங்கிப் பாசிக்குத் தீனி ஆகிறது. வேண்டாம்.

வருஷத்தின் முதல் மழையில் கூரையிலிருந்து வரும் முதல் 1 முதல் 2 மில்லிமீட்டரை, அதாவது 100 சதுர மீட்டர் கூரைக்கு 100 முதல் 200 லிட்டரை, வெளியே திருப்பிவிடுங்கள். எச்சம், பூம்பாளைத் தூசு, ஓட்டுப்பாசி எல்லாம் அதில்தான் வரும். வயல் ஓட்டத்தையும், வாய்க்கால் கடைத் தண்ணீரையும் எக்காரணம் கொண்டும் போருக்குள் விடக் கூடாது. உரமும் பூச்சிமருந்தும் மண்ணில் இறங்கினால் மண் கொஞ்சம் பிடித்து வைக்கும். போர் வழி போனால் நேராக ஊர் குடிக்கும் ஊற்றில்தான் கலக்கும். ஏற்கெனவே ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள பகுதி இது. அதைத் தணிக்கத்தான் சுத்த மழைநீர் தேவை. இன்னொரு நஞ்சையும் சேர்க்கக் கூடாது.

காற்றுக்கு வருவோம். குழாய் வாயிலிருந்து 200 அடி கீழே தண்ணீர் அருவி போல விழும்போது காற்றை அள்ளிக்கொண்டு போகிறது. குமிழி சின்னதாக இருந்தாலும் மயிரிழை வெடிப்பில் தக்கை போல் நின்றுகொள்ளும். தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது. தீர்வு எளிது: ஒன்றேகால் இஞ்ச் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 10 அடி மூழ்கும்வரை இறக்கி அதன் வழியாக விடுங்கள். குழாய் நிறைந்து ஓட வேண்டும், அரைகுறையாக ஓடினால் அதுவும் காற்றை உறிஞ்சும். அதற்காக அடிமுனையில் ரெடியூசர் போட்டு, வரும் தண்ணீரில் குழாய் நிறையும் அளவுக்குக் குறுக்குங்கள். போரின் மூடியில் வலை போட்ட ஒரு காற்றுத் துளை கட்டாயம். ஏற்கெனவே மாட்டிய காற்றை வெளியேற்ற, தண்ணீர் விடுவதை இரண்டு நாள் நிறுத்தி, மோட்டாரை 15 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்தி, நாலைந்து முறை செய்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர். 300 அடி தண்ணீர் நிற்கும் ஆறரை இஞ்ச் போரில் சுமார் 1,950 லிட்டர் இருக்கும். 33 சத பவுடர் 300 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். கசடை ஊற்றினால் சுண்ணாம்பு அடைக்கும். ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

அறிகுறி: வடிகட்டி சுத்தம், டம்ளர் தெளிவு, ஆனாலும் வறட்சி வருஷத்துக்குப் பிறகு குடிப்பது குறைந்துபோனது

இது மூடிய வெடிப்பு. இதை அடைப்பு என்று நினைத்துக் கம்ப்ரசர் வைப்பதுதான் பெரிய வீண்செலவு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

500 அடியில் ஒரு கேப் என்று வையுங்கள். அதன் மேல் பாறையின் கனம் 40 பார். மட்டம் 70 அடியில் நின்ற காலத்தில் கேப்புக்குள் தண்ணீரின் அழுத்தம் கிட்டத்தட்ட 13 பார். ஆகப் பாறைக்குப் பாறை முட்டும் நிகரச் சுமை 27. மட்டம் 460க்கு இறங்கிவிட்டால் உள்ளே அழுத்தம் 1 பார் சொச்சம்தான், சுமை 39 ஆகிவிடுகிறது. பாறை விரல்நுனி அளவுகூட நகரவில்லை, ஆனால் மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கே அகலமுள்ள வெடிப்புக்கு அந்த நெருக்கம் பெரிது. ஏனென்றால் வெடிப்பில் ஓடும் தண்ணீர், அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்று. மண்ணுக்குள் சுமையையும் நீரழுத்தத்தையும் இப்படிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று 1920களில் காட்டியவர் கார்ல் டெர்சாகி. அணைக்கட்டுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் நம் போருக்கும் கணக்கு ஒன்றுதான்.

இதை உறுதி செய்யும் சோதனை: குடிதிறன் சோதனையை 500 லிட்டரில் ஒரு தடவை, மறுநாள் 2,000 லிட்டரில் ஒரு தடவை செய்யுங்கள். அடைப்பு என்றால் இரண்டிலும் மந்தம். மூடல் என்றால் மட்டம் உயர உயர, மேலே புதுக் கேப் எதுவும் இல்லாத ஆழத்திலேயே, குடிக்கும் வேகம் கணக்குக்கு மீறிக் கூடும். தண்ணீர் வெடிப்பைத் தானே திறந்துகொள்வதன் அடையாளம் அது.

மருந்து பொறுமை. நிமிடத்துக்கு 5 முதல் 10 லிட்டர், மட்டத்தை உயரத்திலேயே பல நாள் பிடித்து வைக்கும்படி தொடர்ந்து விடுங்கள். ஒரே மழையில் நிரப்பி ஒரே இரவில் இறங்கவிடுவதைவிட இதற்குப் பலன் அதிகம், காரணம் அழுத்தம் வெடிப்பின் வாயோடு நிற்காமல் தூரத்துக்குப் பரவ நேரம் வேண்டும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இந்தப் பக்கம் கணவாய்க் காற்றோடு தூறலாக வருவதால் இதற்குப் பொருத்தமான பருவம் அதுதான். துலா மழையைத் தொட்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறைக்கும்போது, முக்கியக் கேப்புக்கு மேல் 30 அடி தண்ணீராவது நிற்கும்படி மோட்டாரை உயர்த்தி மாட்டுங்கள். மூடித் திறந்து மூடித் திறந்து விளையாடினால் வெடிப்பின் மேடுபள்ளங்கள் நொறுங்கும். பிறகு முழுதாகத் திறக்காது.

ஒரு பருவம் முழுக்க இப்படிச் செய்தும் மாறாவிட்டால், தண்ணீரை அழுத்தி வெடிப்பைத் திறக்கும் ஹைட்ரோ ஃபிராக்சரிங் பற்றி யோசிக்கலாம். போரை நடுவில் அடைக்கும் ரப்பர் பேக்கரைக் கெட்டிப் பாறையில், கேசிங் அடியிலிருந்து குறைந்தது 60 அடி கீழே இறுக்கி, கீழே பல பத்து பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுவார்கள். கேஜ் முள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழுந்தால் வெடிப்பு திறந்தது. முள் விழாமல் பேக்கரைச் சுற்றித் தண்ணீர் மேலே வந்தால் பேக்கர் பிடிக்கவில்லை, காசு கொடுக்க வேண்டாம். திறந்த வெடிப்பில் இரு பாறை முகங்களும் ஒன்றோடொன்று சற்று நழுவி நிற்பதால், மேடும் மேடும் முட்டி, அழுத்தம் போன பிறகும் இடைவெளி கொஞ்சம் தங்குகிறது. பலன் அந்த நழுவலில்தான் இருக்கிறது. திறந்த கேணி பக்கத்தில் இருந்தால் இந்த வேலை வேண்டாம்.

மூடியை இறுக்கி மோட்டார் வைத்துத் தள்ளலாமா?

கூடாது. இதைப் புகாராகவே பலர் கேட்பதில்லை, செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

தானாக இறங்கும் தண்ணீர் எவ்வளவு நிரம்பினாலும் பாறையைத் தூக்க முடியாது. எந்த ஆழத்திலும் தண்ணீர்த் தூணைவிட மேலுள்ள பாறை 2.7 மடங்கு கனம். ஆனால் கேசிங் வாயை இறுக்கிக்கட்டி 100 அடி ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) உள்ள மோனோபிளாக் பம்பில் தள்ளினால் கணக்கு புரண்டுவிடுகிறது. பம்ப் ஹெட்டை 1.7ஆல் (பாறையின் 2.7இல் தண்ணீரின் 1 போக மீதி) வகுத்துப் பாருங்கள்: 59 அடி. அந்த ஆழத்துக்கு மேலே உள்ள படுக்கை வெடிப்பு எதிலும் தண்ணீரின் தள்ளல் பாறையின் கனத்தை மீறிவிடும். நம் ஊர்க் கருங்கல் குவாரியில் வெங்காயத் தோல் போல் கிடையாகப் பிளந்து நிற்கும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். மேல் 60 அடியில் அப்படிப்பட்ட பிளவுதான் அதிகம். மேலே மண்ணும் சிதைந்த பாறையும் தடிமனாக இருந்தால் கனம் இன்னும் குறைவு, ஆபத்தான ஆழம் இன்னும் கூடுதல். தகடு தூக்கியதும் தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். நீங்கள் சேமிக்க நினைத்த ஆழமான கேப்புக்கு ஒன்றும் போகாது, கேஜில் மட்டும் அழுத்தம் குறைந்து "நல்லாக் குடிக்குது" என்று தோன்றும்.

அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் 2011 வரை கரியமில வாயுவைச் சுமார் 1.9 கிலோமீட்டர் ஆழத்தில், 20 மீட்டர் கனமே உள்ள மணற்கல் அடுக்கில் அழுத்திச் சேமித்தார்கள். மேலே பாலைவனத் தரை வருஷத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் ரேடார் கண்டுபிடித்தது. ஒரு கிணற்றின் மேல் அந்த மேடு இரண்டு மடலாகப் பிரிந்திருந்தது. கீழே செங்குத்தான ஒரு வெடிப்பு திறந்ததன் நிழல் அது. அவ்வளவு ஆழத்தில் செய்ததே மேலே தெரிந்தது என்றால், அறுபது அடியில் செய்வது தெரியாமல் போகுமா?

அறிகுறி: கேசிங்கைச் சுற்றி மண் நனைகிறது, குமிழி வருகிறது, பக்கத்தில் குழி விழுகிறது

உடனே நிறுத்துங்கள். கேசிங்குக்கும் துளைக்கும் நடுவிலுள்ள சந்தில் தண்ணீர் ஏறுகிறது. போகும்போது மண்ணை அரித்துக் கீழே இழுக்கும். ஒரு பருவம் விட்டால் கேசிங் சாயும், மோட்டாரை வெளியே எடுக்க முடியாது. கேசிங்கைச் சுற்றி 4 அடி ஆழம், 3 அடி அகலம் தோண்டி, சந்தைச் சுத்தம் செய்து, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்த கூழை அரை இஞ்ச் குழாய் வழியே அடியிலிருந்து மேலே வரும்படி நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் காற்றுப்பை நிற்கும். ஏழு நாள் ஆறிய பிறகே தண்ணீர் விட வேண்டும். மேலே 3 அடிச் சதுரக் கான்கிரீட் மேடை, வெளிச்சரிவோடு.

அறிகுறி: பக்கத்துப் போர் பொங்குகிறது, அல்லது கேணிச் சுவர் சரிகிறது

தண்ணீர் விட்ட சில மணி நேரத்திலேயே பக்கத்துப் போரில் மட்டம் ஏறினால் இரண்டும் ஒரே வெடிப்பில் இருக்கின்றன. நல்ல செய்திதான், இருவரும் சேர்ந்து வடிகட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே கலங்கலாக வந்தால் உங்கள் வண்டல் அவர் மோட்டாரைத் தின்கிறது. நிறுத்தி வடிகட்டியைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு.

கேணி வேறு விஷயம். சிதைந்த பாறையில் வெட்டிய கேணியில் மட்டம் ஏறுவதைவிட, ஏறிய பிறகு சட்டென்று இறங்குவதுதான் சுவரைத் தள்ளும். சுவருக்குப் பின்னால் ஊறிய தண்ணீர் வெளியே வர நேரம் ஆகும், முன்னால் தாங்கி நின்ற தண்ணீரோ போய்விட்டது. 100 அடிக்குள் கேணி இருந்தால் விடும் அளவையும் இறைக்கும் அளவையும் குறைத்து, கேணி மட்டம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அடிக்கு மேல் ஏறியிறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவு தொடங்கிய கேணிக்குள் ஆள் இறங்கவே கூடாது.

அறிகுறி: வீட்டுச் சுவரில் கீறல், கதவு பிடிக்கிறது

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் மண் உண்டு. கேரளத்தில் கரிசல் கிடைப்பதே சித்தூர், ஆலத்தூர் தாலூகாக்களில்தான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் நுழையப் பிளக்கும். வடிகட்டித் தொட்டி கசிந்து அஸ்திவாரத்துக் கரிசலை நனைத்தால் கதவு பிடிக்கத்தான் செய்யும். அது பாறையின் அசைவு கிடையாது. சரிபார்க்க, கீறலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை எபாக்ஸியில் ஒட்டித் தேதி எழுதுங்கள். மழையில் கீறல் குறுகி கோடையில் விரிந்தால், அல்லது தொட்டிப் பக்கச் சுவரில் மட்டும் என்றால், மண்தான். தொட்டியை வீட்டிலிருந்து 15 அடி தள்ளுங்கள், உள்ளே சிமென்ட் பூசுங்கள்.

அறிகுறி: தரைக்கடியில் 'டும்' சத்தம், பாத்திரம் அதிர்கிறது

கூரைத் தண்ணீர் தானாக இறங்கும் போர் நிலநடுக்கம் உண்டாக்காது. 'டும்' என்பது பெரும்பாலும் குழாயில் அடைபட்ட காற்று வெளியேறுவது. முன்பு சொன்ன, தண்ணீருக்குள் மூழ்கும் குழாயைப் போட்ட பிறகு சத்தம் நிற்கிறதா பாருங்கள்.

ஆனாலும் இந்தப் பூமி அசையாத பூமி என்று யாரும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர் நிலநடுக்கம் ஏறத்தாழ 6 அளவில் வந்தது. 1994 டிசம்பர் 2இல் வடக்காஞ்சேரியில் 4.3. இரண்டுக்கும் போருக்கும் தொடர்பில்லை. கணவாயை ஒட்டிப் பழைய பிளவுகள் உண்டு என்பதற்குத்தான் சொல்வது. அழுத்திச் செலுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் அருகே நடந்ததைப் பார்க்க வேண்டும்: 1962இல் 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் ராணுவத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் செலுத்த ஆரம்பித்த சில வாரத்திலேயே அதிர்வுகள் வந்தன. 1966இல் நிறுத்தினார்கள். பெரிய அதிர்வுகள் நிறுத்திய மறுவருஷம் 1967இல் வந்தன, காரணம் அழுத்தம் வெடிப்பு வழியே தூரப் பிளவுகளுக்குப் போய்ச்சேர அவ்வளவு காலம் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகருக்கடியில் 2006 டிசம்பரில், வெப்பம் எடுப்பதற்காகக் கிரானைட்டைத் தண்ணீரால் திறந்தபோது 3.4 அளவில் குலுங்கி, வேலையே நின்றது.

ஆகவே சத்தம் உண்மையிலேயே தரையிலிருந்து வருகிறது என்று தோன்றினால் தேதி, மணி, எத்தனை நொடி, அந்த நேரம் மட்டம் எத்தனை அடி, கடைசியாக எத்தனை லிட்டர் விட்டது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று தோட்டத்தில் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் அது உங்கள் போரின் சத்தம் கிடையாது, கிராமப் பஞ்சாயத்து வழியாக நிலத்தடி நீர்த்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் மட்டும் என்றால் மூடியைக் கழற்றி, காற்றுத் துளையில் காய்ந்த தென்னஞ்சருகு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.